20 படுக்கை மருத்துவமனை: குறைத்த ரேட்டுக்குக் கையெழுத்துப் போடலாமா?

கணக்குப் பார்ப்பவள்:
வணக்கம். சிறிய ஊரில் என் கணவர் 20 படுக்கையோடு அறுவை சிகிச்சை மருத்துவமனை நடத்துகிறார், கணக்கு என் பொறுப்பு. முன்பெல்லாம் பத்துப் பேரில் இரண்டு பேர்தான் கேஷ்லெஸ் (பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே நேராக எங்களுக்குக் கட்டுவது) கேட்பார்கள், இப்போது பாதிக்கு மேல். குடல்வால் ஆபரேஷனுக்கு கம்பெனிகள் தருவது நான்கு வருடமாக ஒரே பேக்கேஜ் ரேட் (எல்லாச் செலவும் சேர்த்த ஒரே தொகை). நர்ஸ் சம்பளமும் கரண்ட் பில்லும் அப்படியா நின்றன? ஒப்புக்கொண்ட தொகையிலும் பிடித்தம், அப்புறம் 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி), மீதி வர 70 நாள். மருந்து ஏஜென்சிக்காரர் 30 நாளில் வாசலில் நிற்கிறார். இப்போது ஒரு கம்பெனி பழையதை விடக் குறைத்துப் புது ரேட் அனுப்பியிருக்கிறது. அவர்கள் பேனலை (ஒப்பந்த மருத்துவமனைப் பட்டியலை) விட்டு வந்துவிடலாமா?

கண் டாக்டர்:
நான் ஒரு கம்பெனியை விட்டேன். வழக்கமாக வருபவர்களே கண்புரைக்கு வேறு இடம் போனார்கள், ஒரு வருடம் கஷ்டம்தான். 2024 ஜனவரியில் பேனலில் இல்லாத இடத்திலும் கேஷ்லெஸ் உண்டு என்று இன்சூரன்ஸ் கம்பெனிகள் தரப்பில் அறிவித்தார்கள், திட்டமிட்ட சிகிச்சை என்றால் 48 மணி நேரம் முன்பே கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். அதை நம்பித்தான் வெளியே வந்தேன், ஆனால் ஒவ்வொரு கேஸுக்கும் ரேட் பேசியே களைத்துப் போனோம். எல்லாவற்றையும் ஒரே நாளில் விடாதீர்கள்.

இன்சூரன்ஸ் டெஸ்க், 9 வருடம்:
அக்கா, முதலில் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தக் கம்பெனியின் கடைசி ஆறு மாத பில்களை எடுத்து, ஒரு கேஸுக்கு உண்மையில் எவ்வளவு செலவானது, எவ்வளவு வந்தது, எத்தனை நாளில் வந்தது என்று எழுதுங்கள், அந்தத் தாளோடு பேசினால்தான் காது கொடுப்பார்கள். குடலிறக்க ஆபரேஷனில் வைக்கும் மெஷ் (வலை) விலையைப் பேக்கேஜுக்கு வெளியே கேளுங்கள், எங்களுக்கு அது கிடைத்தது. பிடித்தத்தில் பாதி எங்கள் பக்கத் தவறுதான்: ஏன் அட்மிஷன் தேவைப்பட்டது என்று டாக்டர் எழுதியிருக்க மாட்டார், நர்ஸ் சார்ட்டில் நேரம் இருக்காது. டிடிஎஸ் நஷ்டமில்லை, வரிக் கணக்கில் திரும்ப வரும். ஆனால் மருந்து, படுக்கை எல்லாம் சேர்ந்த மொத்த பில்லில் பிடிப்பதால் கைப்பணம் மாட்டிக்கொள்கிறது. குறைவாகப் பிடிக்கச் சான்றிதழ் கேட்டு வருமான வரித் துறைக்கு விண்ணப்பிக்கலாம், ஆடிட்டரிடம் சொல்லுங்கள்.

கணக்குப் பார்ப்பவள்:
மெஷ் விஷயம் தோன்றவே இல்லை, நன்றி. குறையும் தொகையை நோயாளியிடம் வாங்கலாமா?

இன்சூரன்ஸ் டெஸ்க், 9 வருடம்:
முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு ரூபாய்கூடக் கூடாது. தனியார் பாலிசிக்கு உங்கள் ஒப்பந்தத்தைப் படியுங்கள், பேக்கேஜுக்கு மேல் வாங்கக் கூடாது என்றுதான் பெரும்பாலும் இருக்கும்.

ஒரு நோயாளியின் மகன்:
அம்மாவின் டிஸ்சார்ஜ் அன்று சாயங்காலம்தான் எங்களிடம் 14 ஆயிரம் கேட்டார்கள். காலையிலேயே சொல்லியிருந்தால் ஏற்பாடு செய்திருப்போம். டிஸ்சார்ஜ் ஒப்புதலை இன்சூரன்ஸ் கம்பெனி 3 மணி நேரத்தில் தர வேண்டும் என்று 2024 மே மாதமே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ சொல்லிவிட்டது, நாங்கள் உட்கார்ந்திருந்தது ஏழு மணி நேரம். எங்கள் ஊரில் இருந்த மூன்று சின்ன ஆஸ்பத்திரிகளில் இன்று ஒன்றுதான் திறந்திருக்கிறது. தயவுசெய்து மூடிவிடாதீர்கள் அம்மா.

கணக்குப் பார்ப்பவள்:
மூடும் எண்ணம் இல்லை தம்பி. திங்கட்கிழமை அந்தக் கம்பெனி ஆள் வருகிறார், அதற்குள் ஆறு மாத பில்லையும் எடுத்து வைக்கிறேன்.