சோளப்பாம்பின் ‘மார்ஃப்’: தமிழில் என்ன சொல்வது?

சுங்கை சிப்புட்டிலிருந்து:

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம். வளர்ப்புப் பாம்பு வாங்குவோருக்கான சிறு கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுக்க வேண்டும். என்னிடம் படித்த தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சோளப்பாம்பு வாங்குகிறார்கள். ஒரே அளவுள்ள இரண்டு குட்டிகளுக்கு ஏன் இவ்வளவு விலை வேறுபாடு என்று கேட்டால், “மார்ஃப் வேறு, டீச்சர்” என்கிறார்கள். ‘மார்ஃப்’, ‘ஹெட்’ இரண்டுக்கும் தமிழ் வேண்டும். மார்ஃப் என்பது நிறமோ கோலமோ மரபணுவால் மாறிய பாம்பு வகை. ஹெட் என்பது ஒடுங்கு மரபணுவை (தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படுவது) சுமந்தும் வெளியே காட்டாத பாம்பு.

ஈப்போவிலிருந்து:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். ‘திரிபு’ இருக்கும்போது வேறு சொல் எதற்கு? ஆனால் நன்னூல் விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக வகுக்கிறது. ‘அமெல்’ என்ற மார்ஃபில் கருநிறமி இல்லை. ‘அனெரி’ என்ற மார்ஃபில் செந்நிறமி இல்லை. மரம், வேர் சேர்ந்து ‘மரவேர்’ ஆகும்போது மகரம் மறைவது போல. ஆகவே கறாராகப் பார்த்தால் இவை கெடுதல். இரண்டும் சேர்ந்த ‘ஸ்னோ’ இரட்டைக் கெடுதல். ஹெட்டுக்கு ‘உள்ளுறை’ என்பேன். சங்கப் பாட்டில் உள்ளுறை உவமம் சொல்லாமல் சொல்வதுபோல, இதுவும் காட்டாமல் வைத்திருக்கிறது.

கோயம்புத்தூரிலிருந்து:

முதலில் பாம்பின் பெயரைச் சரிசெய்யுங்கள். சோளம் வேறு, மக்காச்சோளம் வேறு. அமெரிக்காவின் தென்கிழக்கில் வாழும் பாம்பு அது, அங்கே மக்காச்சோளம்தான். வயிற்றுக் கட்டங்களும் அந்தக் கதிரின் மணிகளைப் போலவே இருக்கும். ‘மக்காச்சோளப் பாம்பு’ என்பதே சரி.

கிள்ளானிலிருந்து:

ஐயா, மலேசியாவில் சோளம் என்றாலே மக்காச்சோளம்தான். சந்தையில் அவித்து விற்பதும் அதுதான். அதை விட்டுவிடுவோம். ‘கெடுதல்’ விலைப்பட்டியலில் ஏறினால் வாங்குபவர் கெட்டுப்போன பாம்பு என்றே படிப்பார். ‘நிறவகை’ போதும்.

நான் இந்தப் பாம்புகளை இனப்பெருக்கம் செய்கிறவன். பிள்ளைகள் ஏமாறுவது நிறத்தில் இல்லை, ஹெட்டில். தாயும் தந்தையும் அமெல் மரபணுவை மறைத்துச் சுமந்தால், குட்டிகளில் சராசரியாக நான்கில் ஒன்று அமெலாகப் பிறக்கும். மற்ற மூன்றும் பார்வைக்கு ஒன்றே. அவற்றில் இரண்டு சுமக்கும், ஒன்று சுமக்காது. எது எது என்று கண்ணால் சொல்ல முடியாது. மூன்றில் இரண்டு என்ற இந்த வாய்ப்பைத்தான் ‘66 விழுக்காடு ஹெட்’ என்று விற்கிறார்கள். வளர்த்து, இணைசேர்த்து, முட்டை பொரித்த பிறகே உண்மை தெரியும். பெற்றோரின் பதிவு இல்லாவிட்டால் சாதாரணப் பாம்பின் விலைக்கு மேல் ஒரு வெள்ளிகூட (ரிங்கிட்) கொடுக்கக் கூடாது.

ஸ்னோவும் அப்படித்தான். அமெல், அனெரி ஆகிய இரு மரபணுக்களையும் மறைத்துச் சுமக்கும் இணையில் அது 16-ல் ஒன்று. அந்தக் கணக்கைக் காட்டி விலை ஏற்றுவார்கள். ஆனால் ஸ்னோவையும் ஸ்னோவையும் சேர்த்தால் குட்டிகள் எல்லாமே ஸ்னோ. பல காலமாகப் பெருகிவிட்ட வகைக்கு அரிய பொருளின் விலை எதற்கு? அதைவிட, குட்டி உறைய வைத்த எலியைத் தானாகவே, தொடர்ந்து தின்கிறதா, முதுகெலும்பில் முடிச்சு இருக்கிறதா என்று பாருங்கள். தின்னாத குட்டி எந்த நிறமானாலும் மலிவில்லை.

சுங்கை சிப்புட்டிலிருந்து:

மிக்க நன்றி, அண்ணா. இந்தக் கணக்கை முதல் பக்கத்திலேயே போடுகிறேன். ‘உள்ளுறை’ அழகான சொல், ஆனால் பாம்பு வாங்கப் போகும் பையனுக்கு விளக்கவுரை வேண்டியிருக்கும். மார்ஃபுக்கு ‘நிறவகை’, ஹெட்டுக்கு ‘மறைநிறம்’ என்று முடிக்கலாமா? இன்றிரவே மெய்ப்புத் திருத்த வேண்டும்.

கோயம்புத்தூரிலிருந்து:

சம்மதம். மக்காச்சோளத்தை அடைப்புக்குறிக்குள்ளாவது சேருங்கள்.

ஈப்போவிலிருந்து:

எனக்குச் சம்மதமில்லை. ‘மோட்லி’ என்ற மார்ஃபில் மாறுவது முதுகின் கோலம். செதிலே இல்லாத மார்ஃபும் உண்டு. இவற்றை எப்படி நிறவகை என்பீர்கள்? மறைநிறமும் அப்படியே: மறைந்திருப்பது மரபணு, நிறம் அன்று. ‘திரிபு’ என்றால் நிறம், கோலம், செதில் மூன்றையும் தாங்கும். அச்சுக்கு நேரமில்லை என்பதால் கையேட்டைத் தடுக்கவில்லை. குழுவின் சொற்பட்டியலில் ‘நிறவகை’யை முடிவான சொல்லாக ஏற்ற வேண்டாம்.