புதுப்பிப்பு: பைபிள் கதை தெரிகிறது, நடத்தையில் வரவில்லை என்று கேட்டிருந்தேன்

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பிள்ளைகள் வசனங்களை ஒப்பிக்கிறார்கள், ஆனால் சண்டை வந்தால் எதுவும் நினைவில் இல்லை என்பதுதான் என் கேள்வி.

முதலில் நட்சத்திர அட்டவணை போட்டேன். நட்சத்திரத்தை எண்ணினார்களே தவிர வேறு மாற்றமில்லை. பலன் தந்தது, “கதையைப் பாதியில் நிறுத்தி, நீயாக இருந்தால் என்று கேளுங்கள்” என்ற யோசனை. நல்ல சமாரியன் கதையில் (லூக்கா 10) வழியில் அடிபட்டுக் கிடப்பவனைப் பார்த்தும் ஆசாரியனும் (யூத குரு) லேவியனும் (ஆலய ஊழியன்) விலகிப்போகும் இடத்தில் நிறுத்தினேன். “அவங்களுக்கு அவசரமா இருந்திருக்கும்” என்றாள் மகள். அவள் தன் அவசரங்களைத்தான் சொல்கிறாள் என்று அப்புறம்தான் புரிந்தது. மறுநாள் தம்பி விழுந்தபோது விளையாட்டை விட்டு ஓடினாள்.

அடுத்து, வரி வசூலிப்பவனான சகேயுவின் கதை (லூக்கா 19). ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்கிறானே, அது மகனைப் பிடித்துக்கொண்டது. அக்காவின் கலர் பென்சிலை உடைத்தவன், மன்னிப்போடு தன்னுடையதில் நான்கைக் கொடுத்தான்.

எதிர்பாராதது: “நீங்க கத்தினதுக்கு என்ன தருவீங்க?” என்று என்னையே கேட்டான். மன்னிப்புக் கேட்டேன். அன்று மாலை முழுவதும் அவனோடு விளையாடினேன்.

ஒன்று கவனியுங்கள்: சண்டை நடக்கும்போது “நீயாக இருந்தால்” என்ற கேள்வியைக் கேட்டால் அது தண்டனையாகிவிடுகிறது. தூங்கப்போகும் நேரம்தான் சரி.