மறு: மீன் தொட்டி விளக்கு – 'ரெட்ரோஃபிட்' வேலைக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

இதுவரை நம் குழுவில் வந்த சொற்களை ஒருதரம் கூட்டிப் பார்த்தேன். மறுபொருத்தம், மீள்பொருத்தம், பின்பொருத்தம், தரமேற்றம், உள்மாற்று. ஐந்தும் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன: பழைய சாதனத்தைத் தூக்கிப் போடாமல் அதிலேயே புதுப் பாகம் வைப்பதற்கு ஆங்கிலத்தில் 'ரெட்ரோஃபிட்' என்று ஒரு சொல் இருக்கிறதே, நம்மிடம் என்ன இருக்கிறது? செம்பனை ஆலையின் மின்பிரிவில் காலம் தள்ளியவன் என்பதால் எனக்குக் கேள்வி வேறு மாதிரி வருகிறது. பிட்டிங்கை, அதாவது குழல் விளக்கு மாட்டும் கூட்டை, திறந்து கை வைக்கப் போகிறவனுக்கு அந்தச் சொல் எதைத் தெரியப்படுத்த வேண்டும்? உள்ளே சோக் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சாமான்) இருக்கிறதா, எடுத்தாகிவிட்டதா என்பதை. மற்றதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி. இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் நாலடி மீன் தொட்டி இருக்கிறது. கப்பியும் கொஞ்சம் நீர்ச்செடியும். மூடியில் பழைய டி8 (ஓர் அங்குலப் பருமன்) குழல் விளக்கு. பிட்டிங்கைத் தூக்கிப் போடாமல் அதற்குள்ளேயே எல்இடி வைக்கும் வேலையை, 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' பாடத்துக்குச் செய்முறைத் தாளாக டீச்சர் எழுதுகிறார். தலைப்புக்கு ஒரு சொல் கேட்டார்.

> "பழைய குழலைக் கழற்றி எல்இடி குழலைச் செருகுவதுதானே ரெட்ரோஃபிட்? 'மறுபொருத்தம்' போதாதா?"

போதாது அண்ணே. கழற்றிய அதே குழலைத் துடைத்துத் திரும்ப மாட்டினாலும் அது மறுபொருத்தம்தான். அதைவிடப் பெரிய சிக்கல், கடையில் இந்த ஒரே பெயரில் மூன்று வேலைகள் நடக்கின்றன. முதலாவது நீங்கள் சொல்வது: சோக் இருந்த இடத்திலேயே இருக்கும், எல்இடி குழலைச் செருகி, ஸ்டார்ட்டரை எடுத்துவிட்டுப் பெட்டியில் கூடவே வரும் போலி ஸ்டார்ட்டரைப் போடுவோம். அந்தப் போலிக்குள் பெரும்பாலும் ஓர் உருகிதான் இருக்கும். இது கம்பிச் சுருள் சோக்குக்குச் சரி. எலக்ட்ரானிக் சோக் உள்ள பிட்டிங்குக்கு இந்தக் குழல் ஆகாது, அதற்கென்று எழுதியிருக்கும் வேறு குழல் வேண்டும். இரண்டாவது, சோக்கையும் ஸ்டார்ட்டரையும் கழற்றி, வீட்டு மின்சாரத்தை அப்படியே குழலைப் பிடிக்கும் பற்றிகளுக்கு (ஹோல்டர்களுக்கு) கொடுப்பது. மூன்றாவது, உள்ளே இருந்த மின்சாமான் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, தகரக் கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு, அலுமினியத் தகட்டில் 12 வோல்ட் எல்இடி பட்டையை ஒட்டி, வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாக்கித் தரும் டிரைவரைத் தொட்டிக்கு வெளியே வைப்பது. டீச்சரின் தாள் இந்த மூன்றாவதைப் பற்றியது.

ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே சொல். அவர்களுக்கே அது தொல்லையாகி, அமெரிக்காவில் ஏ வகை, பி வகை, சி வகை என்று எழுத்துப் போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். சோக்கோடு ஓடுவது ஏ, சோக்கை விலக்கியது பி, டிரைவர் தனியாக இருப்பது சி. அவர்கள் குழப்பிக்கொண்டு அப்புறம் பிரித்ததை நாம் முதலிலேயே பிரித்து வைக்கலாமே.

> "சோக் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? மீனுக்கு வெளிச்சம் வந்தால் சரி."

மீனுக்குச் சரி. மூடியைத் திறக்கிற ஆளுக்குச் சரியில்லை. குழல் விளக்கில் மின்சாரம் பாதரச ஆவி வழியாகப் போகிறது. அந்த ஆவிக்கு ஒரு கெட்ட குணம்: மின்னோட்டம் ஏற ஏற, அதற்குத் தேவையான மின்னழுத்தம் குறையும். தடுக்க ஆள் இல்லாவிட்டால் ஓட்டம் ஏறிக்கொண்டே போகும். அந்தத் தடுப்புதான் சோக். ஸ்டார்ட்டர் திறக்கும்போது குழலைப் பற்றவைக்கும் உயர் மின்னழுத்த உதையும் அதிலிருந்தே வருகிறது. இப்போது இரண்டாவது வகை வேலை செய்த பிட்டிங் ஒன்றை நினைத்துப் பாருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் பழைய பிட்டிங்தான். எல்இடி குழல் கெட்டுப்போகிறது. பள்ளிக் காவலாளி நல்ல எண்ணத்தோடு ஸ்டோரில் கிடந்த பழைய 36 வாட் குழலை எடுத்து மாட்டுகிறார். லைவும் நியூட்ரலும் ஒரே முனைக்குக் கொடுத்த பிட்டிங்காக இருந்தால், 240 வோல்ட் நேராக அந்த முனையின் இழையில் ஏறும். பளிச்சென்று வெடித்து பிரேக்கர் விழும். இரண்டு முனைக்கும் பிரித்துக் கொடுத்த வகையில் வேறு ஆபத்து: எல்இடி குழலின் ஒரு பக்கத்தைச் செருகிவிட்டு மறுபக்கத்து ஊசியைக் கையால் பிடித்தால், குழலின் உள்ளே பாதுகாப்பு இல்லாவிட்டால், அந்த ஊசியில் மின்சாரம் இருக்கலாம். கீழே தண்ணீர், கை ஈரம். சோக் எடுத்த பிட்டிங்கின் மேல் அதைச் சொல்லி ஒரு ஒட்டுத்தாள் கட்டாயம் வேண்டும் என்பது இதனால்தான். அந்த ஒட்டுத்தாளில் எழுதத் தகுந்த சொல்லைத்தான் நான் தேடுகிறேன்.

இனி என் முன்மொழிவு: ஒட்டுக்கட்டு.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கித்தா (ரப்பர்) நாற்றின் அடித்தண்டில் பட்டையைச் சன்னல் மாதிரி கீறித் திறந்து, நல்ல பால் தரும் ரகத்தின் மொட்டைப் பட்டையோடு எடுத்து அதில் வைத்துக் கட்டுவார்கள். மொட்டு பிடித்ததும், அதற்கு மேலே இருக்கும் பழைய தண்டை வெட்டிவிடுவார்கள். வெட்டினால்தான் புது மொட்டு தழைக்கும். வேர் பழையது, மேலே வளர்வது ஆர்ஆர்ஐஎம் 600 போன்ற நல்ல ரகம். நம் பிட்டிங்கிலும் நடப்பது இதுதான்: கூடு பழையது, பழைய மின்சாமானை வெட்டி எடுத்தாகிவிட்டது, வெளிச்சம் தருவது புதியது. ஆக, 'ஒட்டுக்கட்டிய விளக்கு' என்று எழுதியிருந்தால் உள்ளே சோக் இல்லை என்று பொருள். சோக்கை வைத்துக்கொண்டு குழலை மட்டும் மாற்றுவது ஒட்டுக்கட்டு ஆகாது. அதற்குக் 'குழல்மாற்று' என்ற எளிய பெயர் போதும். ஒட்டுக்கட்டிலும் இரண்டு உண்டு. வீட்டு மின்சாரம் குழலின் ஹோல்டர் வரைக்கும் வருவது நேர்மின் ஒட்டுக்கட்டு. டிரைவரைத் தாண்டி 12 அல்லது 24 வோல்ட் மட்டும் வருவது தாழ்மின் ஒட்டுக்கட்டு. பள்ளிக்கூடத்துக்குத் தாழ்மின் மட்டும்தான். நேர்மின், உரிமம் பெற்ற வயர்மேன் செய்ய வேண்டிய வேலை.

> "'ஒட்டு' என்றாலே ஒட்டுப்போட்ட சட்டை நினைவுக்கு வருகிறது. விற்பவன் விரும்புவானா? தவிர, எல்இடி பட்டையே பசையில் ஒட்டுவதுதானே, குழப்பம் வராதா?"

கிள்ளான் ஐயா எழுப்பிய இந்த மறுப்பு வலுவானது. அதனால்தான் 'ஒட்டு' என்று நிறுத்தாமல் வினையோடு சேர்த்துக் கேட்கிறேன். கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போடுகிறோம். மாமரத்துக்கு ஒட்டுக் கட்டுகிறோம். போட்டால் பழுதை மறைப்பது, கட்டினால் ரகத்தை உயர்த்துவது. இந்த வேறுபாடு நம் பேச்சில் ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. பசைக் குழப்பத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. தாளில் பட்டையைப் 'பதித்தல்' என்று எழுதிச் சமாளிக்கலாம். வினையாகவும் ஓடுகிறது: ஒட்டுக்கட்டினேன், ஒட்டுக்கட்டலாம், ஒட்டுக்கட்டுத் தொகுதி. 'மீள்பொருத்தம்' என்பதை வினையாக்கிப் பாருங்கள், நாக்கு சுளுக்கும். 'பின்பொருத்த'த்தில் பையன்கள் பிட்டிங்கின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். பொருத்தம் என்றாலே நம் வீடுகளில் பத்துப் பொருத்தம் என்பதையும் மறக்க வேண்டாம். 'தரமேற்றம்' என்றால் புதிதாக வாங்கி மாட்டினாலும் தரமேற்றம்தான்.

'உள்மாற்று' எனக்குப் பிடித்திருந்தது, நீண்ட நேரம் யோசித்தேன். ஆனால் பழைய பஸ்ஸின் புகைக்குழாயில் வடிகட்டி மாட்டுவதும் ரெட்ரோஃபிட்தான். அங்கே உள்ளே எதுவும் மாறவில்லை. ஈப்போ நண்பர் வேடிக்கையாகச் சொன்ன 'கூடுபாய்ச்சல்' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது; ஒட்டுத்தாளில் எழுதினால் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்.

யாழ்ப்பாணத்து அண்ணன் சோக்குக்கு 'நிலைப்படுத்தி' வேண்டும் என்றார். பாடப்புத்தகத்தில் இருக்கட்டும். ஒட்டுத்தாளில் 'சோக் இல்லை' என்று இருந்தால்தான் அவசரத்தில் படிப்பவருக்குப் புரியும். இங்கே மலாய்க்காரர் கடையில் 'லம்பு கலிமந்தாங்' என்று கேட்டால் உடனே குழல் கைக்கு வரும். அகராதிச் சொல்லான 'பென்டார்ஃபுளோர்' என்று கேட்டால் கடைக்காரர் நம்மை மேலும் கீழும் பார்ப்பார். அதேபோல டிரைவருக்கு 'இயக்கி' என்ற சொல்லைக் கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டு நாளாகிறது. டிரைவர் டிரைவராகவே இருக்கட்டும்.

ஒரு சின்னச் சண்டையையும் இங்கே தீர்த்துவிடுகிறேன். பழையதை 'ஒளிர்விளக்கு' என்றும் புதியதை 'ஒளியுமிழ் விளக்கு' என்றும் இருவர் பிரித்தார்கள். வெள்ளை எல்இடியும் ஒளிர்விளக்குதான். குழலில் பாதரசம் தரும் புற ஊதாவை உள்பூச்சு வெள்ளையாக்குகிறது. எல்இடியில் நீல ஒளியை மேலிருக்கும் மஞ்சள் பூச்சு வெள்ளையாக்குகிறது. நீல எல்இடிக்காக மூவருக்கு 2014இல் இயற்பியல் நோபல் கொடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே 'குழல்விளக்கு', 'எல்இடி' என்றே வைத்துக்கொள்வோம்.

டீச்சரின் தாளில் சேர்க்க வேண்டியவை சில. 12 வோல்ட் பட்டையில் மூன்று எல்இடிக்கு ஒரு மின்தடை என்ற கணக்கில் கட்டியிருப்பதால், குறி போட்ட இடத்தில் மட்டும்தான் வெட்ட வேண்டும். மீட்டருக்கு 14.4 வாட் பட்டையானால் நாலடிக்கு ஏறக்குறைய 17 வாட். டிரைவர் 24 வாட்டாவது இருக்கட்டும், மூச்சுத் திணற ஓட்டினால் சீக்கிரம் போய்விடும். தகரக் கூட்டில் நேராக ஒட்ட வேண்டாம். நம் ஊர் வெயிலில், மூடிய மூடிக்குள், வெப்பம் போக வழியில்லாவிட்டால் எல்இடி மங்கிவிடும். அலுமினியத் தகடு அதற்குத்தான். செடிக்கு 6500 கெல்வின் வெள்ளை (பகல் வெளிச்ச நிறம்) போதும். குழல் எல்லாப் பக்கமும் சிதறிய ஒளியை எல்இடி கீழ்ப்பக்கமே கொட்டுவதால் பாசி பிடிக்கும், ஆரம்பத்தில் நாளுக்கு ஆறு மணி நேரத்தோடு நிறுத்துங்கள். வயர் பிளக்குக்குப் போகும் முன் கீழே தொங்கி ஒரு வளைவு போட்டு மேலே ஏற வேண்டும், வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். இதற்குச் 'சொட்டு வளைவு' என்று நானே எழுதிவிட்டேன், ஆட்சேபம் உண்டா? இணைப்பு ஈஎல்சிபி (மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் பிரேக்கர்) வழியாக வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளை அருகில் விட வேண்டும்.

கழற்றிய குழலை உடைத்துக் குப்பையில் போடக் கூடாது. பாதரசம் உள்ள கழிவு நம் நாட்டுச் சட்டத்தில் எஸ்டபிள்யு 109 என்ற அபாயக் கழிவு வகையில் வருகிறது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாத்தா உடன்படிக்கை நாடுகள் 2023இல் ஜெனீவாவில் கூடி, நீளக் குழல் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027க்குள் நிறுத்த ஒப்புக்கொண்டன. மாற்றுக் குழல் கிடைக்காமல் போகப் போகும் பிட்டிங்குகள் பள்ளிகளிலும் கோயில் மண்டபங்களிலும் ஏராளம் தொங்குகின்றன. ஆக இந்தச் சொல் மீன் தொட்டியோடு நிற்காது.

சிவில் பொறியாளர்கள் இரண்டு பேராவது இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். நிலநடுக்கத்துக்காகப் பழைய கட்டடத் தூண்களுக்கு எஃகு உறை போடுவதையும் 'ரெட்ரோஃபிட்' என்கிறீர்களே, அங்கே எதையும் வெட்டி எடுப்பதில்லை. 'ஒட்டுக்கட்டு' அதற்கு ஒத்துவருமா, அல்லது விளக்கு, இயந்திரத்தோடு நிறுத்திக்கொள்வதா? தாள் அச்சுக்குப் போகும் முன் எழுதுங்கள்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து