இறக்குமதி ஜாஸ்தின்னா நாடு நஷ்டத்துல ஓடுதுன்னு அர்த்தமா?

வணக்கம் மக்களே, ரிச்சி ஸ்ட்ரீட்ல சின்னதா கடை வச்சிருக்கேன், சார்ஜர் கேபிள் எந்த அட்டையத் திருப்பினாலும் மேட் இன் சைனா தான். பதினொண்ணாவது படிக்கிற பொண்ணு நேத்து கேக்குறா, ஏற்றுமதிய விட இறக்குமதி ஜாஸ்தின்னா நாட்டுக்கு நஷ்டமாப்பான்னு. கச்சா எண்ணெய், தங்கம்னு நாம வாங்குறது ஜாஸ்தி, 1991ல டாலர் கையிருப்பு தீர்ற நிலைமையில தங்கத்த லண்டனுக்கு அனுப்பி அடகு வச்சாங்க, அது வரைக்கும் சொல்லிட்டேன். ஆனா அமெரிக்காவும் 1976ல இருந்து வருஷா வருஷம் பற்றாக்குறைதானாமே, அவங்க மட்டும் எப்படி ஜம்முனு இருக்காங்க? ஓஎம்ஆர் ஐடி கம்பெனிங்க சம்பாதிக்கிற டாலரும், துபாய்ல இருந்து என் மச்சான் அனுப்புற பணமும் இதே கணக்குல வருமா, இல்ல அதுக்குத் தனி நோட்டா? தெரிஞ்சவங்க கடைக்காரன் பாஷையில சொல்லுங்க ப்ளீஸ், வெள்ளிக்கிழமை அவளுக்கு டெஸ்ட்.