விவசாயிகளின் ஆவணங்களைக் கையாள எந்தக் கட்டற்ற பிடிஎஃப் மென்பொருள் ஏற்றது?

கேள்வி – காவேரிப்பட்டணம்

அனைவருக்கும் வணக்கம். ஜெராக்ஸ் கடையோடு சேர்த்து இணையவழி விண்ணப்பங்களையும் பதிவு செய்து தருகிறேன். சொட்டுநீர்ப் பாசன மானியத்துக்காக வருபவர்களே அதிகம். சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்று, ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் என ஒவ்வொருவரும் ஒரு கட்டுக் காகிதத்தோடு வருகிறார்கள். அவற்றை ஸ்கேன் செய்து, பக்கங்களை ஒன்றாக்கி, விண்ணப்பத் தளம் ஏற்கும் அளவுக்குச் சுருக்க வேண்டியிருக்கிறது. எங்கள் பகுதிக் கடைகளில் இதற்கெல்லாம் இணையத்தில் உள்ள இலவசத் தளங்களையே நம்பியிருக்கிறோம். ஆனால் நம்மை நம்பி ஆதாரைக் கையில் கொடுத்த ஒருவருடைய கோப்பை, எங்கோ இருக்கும் முகம் தெரியாத சர்வரில் ஏற்றுவதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. கடையில் இருப்பது விண்டோஸ் 10, 4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய கணினி. இந்த வேலைகள் அனைத்தையும் கணினியிலேயே முடித்துத் தரக்கூடிய ஒரே மென்பொருள் உண்டா? தமிழ் பிடிஎஃப்-இல் உள்ள எழுத்துப் பிழைகளைத் திருத்தவும் அது உதவுமா?

மறுமொழி – தருமபுரி

வணக்கம் ஐயா. ஒரே மென்பொருளைத் தேடுவதை விட, வேலைக்கு ஒன்றாகச் சிறிய மென்பொருள்கள் சிலவற்றை வைத்துக்கொள்வதே நல்லது. பழைய கணினிக்கும் அதுதான் தாங்கும். பிடிஎஃப் வடிவம் 2008இலேயே ஐஎஸ்ஓ தரமாக வெளியாகிவிட்டதால், எந்த ஒரு நிறுவனத்தின் மென்பொருளையும் சார்ந்திருக்க வேண்டியதில்லை.

ஸ்கேன் செய்வதற்கு நாப்ஸ்2 (NAPS2) என்ற மென்பொருள் போதும். கோப்பின் அளவு பெரும்பாலும் இந்த இடத்திலேயே முடிவாகிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். ஓர் ஏ4 தாளை 300 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அளவில் எடுத்தால் அது 2480-க்கு 3508 புள்ளிகள் கொண்ட படமாகிறது. 150 டிபிஐ அளவில் எடுத்தால் புள்ளிகளின் எண்ணிக்கை நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. முத்திரையின் நிறம் தெரிய வேண்டிய சான்றுகளை மட்டும் வண்ணத்தில் எடுத்துவிட்டு, மற்றவற்றைச் சாம்பல் நிறத்தில் 150 டிபிஐ வைத்து எடுத்தால், பின்னர் சுருக்கும் வேலையே பெரும்பாலும் இருக்காது. படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் என்ற மென்பொருளின் துணையோடு தமிழ் எழுத்துகளை அடையாளம் காணும் வசதியும் நாப்ஸ்2-இல் இருக்கிறது.

பக்கங்களை ஒன்றாக்க, பிரிக்க, திருப்ப, ஓரங்களை வெட்ட பிடிஎஃப் அரேஞ்சரைப் பயன்படுத்துங்கள். பக்கங்கள் சிறு படங்களாக விரிவதால், சிட்டா முன்னே, அடங்கல் பின்னே என்று சுட்டியால் இழுத்து வைத்தாலே வரிசை அமைந்துவிடும். கடைப் பையன் கூட ஒரே நாளில் கற்றுக்கொள்வான். வெறுமனே திறந்து பார்க்கவும் அச்சிடவும் சுமத்ரா பிடிஎஃப் போன்ற இலகுவான ஒன்று போதும்.

தமிழைத் திருத்தும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். லிப்ரெஆபிஸ் என்ற கட்டற்ற அலுவலகத் தொகுப்பில் உள்ள டிரா என்ற வரைகலைச் செயலி பிடிஎஃப்-ஐத் திறந்து திருத்தக்கூடியதுதான். ஆயினும் பிடிஎஃப்-க்குள் எழுத்துகள் சொற்களாக அல்லாமல், இந்த இடத்தில் இந்த வடிவம் என்ற முறையில் பதிந்திருப்பதால், ‘கொ’ என்பதன் கொம்பு ஒரு பக்கமும் கால் மறுபக்கமும் பிரிந்து நிற்பதை அடிக்கடி காணலாம். மேலும், சான்றில் பெயர் தவறாக இருந்தால் அதை வழங்கிய அலுவலகத்தில்தான் திருத்த வேண்டும். நம் கடையில் கை வைக்கக் கூடாது.

மறுமொழி – ஊத்தங்கரை

மேலே தருமபுரி நண்பர் கூறியவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் ஒரு முக்கியமான செய்தி விடுபட்டிருக்கிறது. இ-ஆதார் போன்ற கோப்புகளில் மின்னணுக் கையொப்பம் இருக்கிறது. அவற்றை இன்னொன்றோடு இணைத்தாலோ, சுருக்கினாலோ, கடவுச்சொல்லை நீக்கிச் சேமித்தாலோ அந்தக் கையொப்பம் செல்லாமல் போய்விடும். ஆகவே பதிவிறக்கிய மூலக் கோப்பைத் தொடாமல் வைத்துக்கொண்டு, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

இணையத்திலிருந்து இறக்கிய சிட்டாவை அச்சிட்டு, அதையே மறுபடி ஸ்கேன் செய்து ஏற்றும் பழக்கம் நம் மாவட்டக் கடைகளில் பரவலாக இருக்கிறது. அதைத் தயவுசெய்து கைவிட வேண்டும். நேரடியாக இறக்கிய கோப்பில் எழுத்து தெளிவாக இருக்கும், சரிபார்ப்பதற்குரிய குறியீடும் மங்காது.

ஆதார் எண்ணை மறைக்க அதன்மேல் ஒரு கறுப்புக் கட்டத்தை வரைவது பாதுகாப்பே அல்ல. கட்டத்துக்கு அடியில் எண் அப்படியே இருக்கும். நகலெடுத்து ஒட்டினால் வெளிவந்துவிடும். லிப்ரெஆபிஸில் 6.3 பதிப்பு முதல் உள்ள மறைப்புக் கருவி, பக்கத்தைப் படமாக மாற்றி உண்மையிலேயே அழித்துவிடுகிறது. அதைவிட எளிய வழி, கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்வதுதான்.

கேள்வி கேட்டவர் – காவேரிப்பட்டணம்

இருவருக்கும் மிக்க நன்றி. விவசாயிகள் வீட்டில் ஏற்கெனவே ஸ்கேன் செய்து, வாட்ஸ்அப்பில் அனுப்பிவைக்கும் பெரிய கோப்புகளை என்ன செய்வது? அவற்றை மறுபடி ஸ்கேன் செய்யக் காகிதம் கையில் இருப்பதில்லை.

மறுமொழி – ஓசூர்

அவற்றுக்குக் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற கட்டற்ற மென்பொருள் பொருத்தமானது. இதற்குத் தனித் திரை கிடையாது, கட்டளையாகத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் ஒருமுறை அந்தக் கட்டளையை ஒரு பேட்ச் கோப்பாக (கட்டளைகளைத் தானாக இயக்கும் சிறு கோப்பாக) எழுதி மேசைத்திரையில் வைத்துவிட்டால், பெரிய கோப்பை அதன்மேல் இழுத்துப் போட்டாலே சுருங்கிய நகல் கிடைத்துவிடும். அதன் ‘இபுக்’ அமைப்பு வண்ணப் படங்களை 150 டிபிஐ அளவுக்கும், ‘ஸ்கிரீன்’ அமைப்பு 72 டிபிஐ அளவுக்கும் இறக்குகின்றன. முன்னதையே முதலில் பயன்படுத்துங்கள். 72-இல் சர்வே எண்ணின் உட்பிரிவு படிக்க முடியாமல் போய், விண்ணப்பம் திரும்பி வந்தால் அலைச்சல் அந்த விவசாயிக்குத்தான். சுருக்கிய பிறகு அந்த ஒரு வரியைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

கட்டளை எழுதத் தயக்கமாக இருந்தால், முழுவதும் ஸ்கேன் படமாகவே உள்ள கோப்புகளை லிப்ரெஆபிஸ் டிராவில் திறந்து, பிடிஎஃப்-ஆக ஏற்றுமதி செய்யும்போது படத் தெளிவை 150 ஆகக் குறைத்தும் சேமிக்கலாம். விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் கடைக் கணினியில் உள்ள அவர்களுடைய கோப்புகளை அழித்துவிடுங்கள். குப்பைத் தொட்டியையும் சேர்த்துக் காலி செய்யுங்கள்.