பிராய்லர் கால் நலம்: எலும்பு அடர்த்தியை அளந்தால் விஷயம் தெரிந்துவிடுமா?

கூளத்தடி: ஐந்தாவது வாரம் வந்தால் சில கோழிகள் எழுந்து நாலு அடி வைத்து, இறக்கையை ஊன்றி உட்கார்ந்துவிடுகின்றன. எலும்பு அடர்த்தியை அளக்கச் சொல்கிறார் தீவன ஆலோசகர். எனக்கு உடன்பாடில்லை. 1992-இல் கெஸ்டின் என்ற ஆய்வாளரின் குழு கோழிக்குத் தந்த நடை மதிப்பெண் இருக்கிறதே! 0 என்றால் குறையில்லாத நடை, 5 என்றால் நடக்கவே முடியாது. ஷெட்டுக்குள் இறங்கிப் பார்த்தால் போதும்.

தாது_உப்பு: நடை கெட்ட பிறகு பார்த்து என்ன செய்வீர்கள்? அது காரணத்தையும் சொல்லாது. கீழ்க்கால் எலும்பைச் சுத்தம் செய்து, கொழுப்பை நீக்கி, உலையில் எரித்துச் சாம்பலை எடை போட்டால் தாது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று தெரியும். அதற்குக் கோழியைக் கொல்ல வேண்டும் என்பது உண்மைதான். எக்ஸ்ரே கதிரால் எலும்புத் தாதுவை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் அந்தத் தேவை இல்லை. மயக்கம் கொடுத்துப் படுக்கவைத்து, அதே கோழியை வாராவாரம் அளக்கலாம்.

கூளத்தடி: சரி, அளந்தாச்சு. எண் நன்றாகவே இருக்கிறது, கோழி மட்டும் நொண்டுகிறது. அப்போது? போன பேட்ச்சில் கழித்த ஒரு கோழியின் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையை நீளவாக்கில் கீறிப் பார்த்தேன். எலும்பாக மாறாத குருத்தெலும்பு வெள்ளைக் கட்டியாக அடைத்துக்கொண்டிருந்தது. இன்னொன்றில் இடுப்பு மூட்டைப் பிரித்ததும் தொடை எலும்பின் தலை பொடிந்து கையோடு வந்தது, உள்ளே கிருமித் தொற்று. கத்தி காட்டியதை மொத்த எலும்பின் சராசரி காட்டுமா?

தாது_உப்பு: காட்டாது, ஒப்புக்கொள்கிறேன். கால் வளைவதையும் காட்டாது. டெக்ஸாவில் இன்னொரு குறையும் உண்டு. அது பரப்பளவுக் கணக்கு, பெரிய எலும்பு அடர்த்தியானது போலத் தெரியும். அதனால் ஒரே வயது, ஒரே எடைக் கோழிகளைத்தான் ஒப்பிட வேண்டும். சிடி ஸ்கேன் என்றால் கன அளவில், எலும்பின் வெளி ஓடு, உள் வலை இரண்டையும் பிரித்தே அளக்கலாம். வேகமாக வளரும் கோழியில் வெளி ஓடு நுண்துளைகளோடு உருவாகிறது, எடையோ அதற்குள் ஏறிவிடுகிறது. இதை நடையில் பார்க்க முடியாது.

மூன்றாம்_வாரம்: நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். அடர்த்தி குறைவது ஒரு கோழியிலா, மொத்தக் கூட்டத்திலா என்று பார்த்தீர்களா? கூட்டமே குறைந்தால் எனக்குத் தீவனத்தின் மேல்தான் சந்தேகம் வரும். பாஸ்பரஸ், வைட்டமின் டி3, கால்சியம் விகிதம், தானியத்தில் கட்டுண்ட பாஸ்பரஸை விடுவிக்கும் ஃபைட்டேஸ் நொதி எல்லாம் பார்க்க வேண்டும். அலகு ரப்பர் மாதிரி வளைகிறதா என்றும் தொட்டுப் பாருங்கள். எலும்பு மென்மையாகிவிடும் ரிக்கெட்ஸ் நோயில் அப்படி ஆகும்.

கூளத்தடி: அலகு கெட்டியாகத்தான் இருக்கிறது அண்ணே. நொண்டுவதும் அங்கொன்று இங்கொன்றுதான். அதனால்தான் ஸ்கேன் செலவை விட்டுவிட்டு, கழிக்கிற ஒவ்வொரு கோழியின் இரண்டு காலையும் அறுத்துப் பார்க்கிறேன்.

தாது_உப்பு: அறுங்கள், வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். ஆனால் நொண்டாத கோழியிலும் சிலவற்றைக் கழித்து, அந்த எலும்பைச் சாம்பலுக்கு அனுப்புங்கள். நல்ல காலின் கணக்கு கையில் இல்லாமல் கெட்ட காலை எதோடு ஒப்பிடுவீர்கள்?