கூன்வண்டுப் பொறியில் வண்டு விழவில்லை, பக்கத்து தென்னைதான் அடிபடுகிறது

கேள்வி:
குடியாத்தம் பக்கம் 2 ஏக்கர் தென்னை, எல்லாம் 7 வயசு மரம். சிவப்பு கூன்வண்டுக்கு வாளிப் பொறி வாங்கி, லூர் (வண்டை வாசனையால் இழுக்கும் சிறு பொட்டலம்) மாட்டி, தோப்பு நடுவில் ஒரு தென்னையிலேயே கட்டியிருக்கு. உள்ளே சோப்புத் தண்ணீர் மட்டும். வாரத்துக்கு ஒன்றிரண்டு வண்டுதான் விழுது. ஆனால் அடுத்த மரத்தின் தண்டில் ஓட்டை விழுந்து பழுப்பாகச் சாறு வடியுது. லூர் சரியில்லையா?

பதில் 1:
லூரை மாற்றும் முன் வாளிக்குள் என்ன இருக்கு என்று பாருங்க அண்ணா. லூரில் இருப்பது ஆண் வண்டு விடும் வாசனை. ஆண், பெண் இரண்டையும் இழுக்கும். வருவதில் பெண்ணே அதிகம். ஆனால் அது வண்டைத் தோப்பு வரைக்கும்தான் கொண்டுவரும். வாளிக்குள் இறங்க வைப்பது புளித்த சாற்றின் வாடை. அது இல்லாவிட்டால் வண்டு சுற்றிவிட்டுப் பக்கத்து மரத்தில் உட்காரும். உங்களுக்கு நடப்பது அதுதான்.

2 லிட்டர் தண்ணீரில் கால் கிலோ வெல்லம், 5 கிராம் ஈஸ்ட், நெடுக்கப் பிளந்த கரும்புத் துண்டு அரைக் கிலோ போடுங்க. கரும்புக்குப் பதில் அழுகிய அன்னாசியும் ஆகும். பத்து நாளுக்கு ஒருமுறை மாற்றணும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் வாரம் ஒருமுறை. தண்ணீர் வற்றினால் விழுந்த வண்டும் ஏறிப் போய்விடும்.

இன்னொன்று, வாளியின் வெளிப்பக்கம் வழவழப்பாக இருந்தால் வண்டுக்குப் பிடிப்பு கிடைக்காது. அது சுவரில் உட்கார்ந்து, நடந்துதான் ஓட்டைக்குப் போகும். சாக்குத் துணியை இறுக்கிச் சுற்றிக் கட்டுங்க. உட்பக்கம் வழவழப்பாகவே இருக்கட்டும்.

பதில் 2:
முதல் வேலை, பொறியைத் தென்னையிலிருந்து கழற்றுங்க. வரப்பு ஓரத்து வேம்பிலோ தனிக் கம்பத்திலோ நாலடி உயரத்தில், நிழலில் கட்டணும். வெயில் நேராக விழுந்தால் லூர் சொன்ன காலத்துக்கு முன்பே ஆவியாகித் தீர்ந்துவிடும். 2 ஏக்கருக்கு ஒரு பொறி போதும்.

மரத்தின் காயமும் ஒரு லூர்தான். பச்சை மட்டையைத் தண்டை ஒட்டி வெட்டினால் அந்த வாசனைக்கே வண்டு வந்து முட்டை வைக்கும். வெட்டியே ஆகணும் என்றால் தண்டிலிருந்து நாலடி விட்டு வெட்டுங்க. ஏறுவதற்காகத் தண்டில் படி வெட்டவே கூடாது.

சாறு வடியும் மரத்தில் காதை வைத்துக் கேளுங்க, புழு கடிக்கும் சத்தம் கேட்கும். குருத்து சாய்ந்துவிட்டால் மரம் தேறாது. வெட்டி, தண்டைப் பிளந்து எரிச்சிடுங்க. அப்படியே கிடந்தால் அடுத்த தலைமுறை வண்டு அதிலிருந்துதான் வரும்.

கேட்டவர்:
காண்டாமிருக வண்டும் இருக்கு. அதன் லூரையும் இதே வாளியில் மாட்டலாமா?

பதில் 1:
வேண்டாம், அதுக்குத் தனிப் பொறி. லூரும் வேறு, வண்டு வரும் விதமும் வேறு. செலவில்லாமல் செய்ய, 1 கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை 5 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து மண்பானைகளில் வையுங்க.

அந்த வண்டைச் சின்ன விஷயமாக விடாதீங்க. அது குருத்தில் போடும் ஓட்டை வழியாகவும் கூன்வண்டு முட்டை வைக்க நுழையும். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம், உச்சியில் உள்பக்க மூன்று மட்டை இடுக்கில் போடுங்க. காண்டாமிருக வண்டின் புழு வளர்வது எருக்குழியில். அதைக் கிளறிப் புழுவைப் பொறுக்கிவிட்டு, புழுவைக் கொல்லும் பச்சை மஸ்கார்டைன் பூஞ்சாணம் தெளித்து ஈரம் காயாமல் வையுங்க. குழி காய்ந்தால் பூஞ்சாணம் பிடிக்காது.